தேவகிக்குத் தாய்ப்பால், கோமளாவுக்கு டின்பால்

செல்லத்துக்கு இரண்டு பெண்களும் ஒரே காலையில், கால் மணி நேர இடைவெளியில் பிறந்தார்கள். பால் மட்டும் ஒரு பிள்ளைக்குத்தான் ஊறியது.

அது எழுபத்தைந்தாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு துணிச் சுருணைகளோடு அவள் ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பினாள். போர்டிக்சன் போகிற சாலையில் ஒன்பதாவது மைல்கல்லை ஒட்டி இருந்ததால் தோட்டத்துக்கு அந்தப் பெயர். துரை வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியின் காகிதங்களில் இருந்தது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. செல்லம் சுறாமீன் தின்றாள், பூண்டு தின்றாள், முருங்கைக்கீரையை மாடு மாதிரி மென்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு பிள்ளை குடித்து முடித்தால் அடுத்ததற்குச் சொட்டு இல்லை.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் சரிபாதி போடாமல் இருக்க முடியாது. ஒரு கெம்போங் மீன் இருந்தால் தலையையும் வாலையும் மாற்றிமாற்றி அளந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவுதானா என்று பார்த்துத்தான் வெட்டுவாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அவளைத் ‘தராசு’ என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பிள்ளைக்கான பாலையும் கொடுத்தால் அவள் என்னதான் செய்வாள்? மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் முடிவு செய்தாள். எலிக்குஞ்சு மாதிரி நாலு ராத்தல் எடையில் பிறந்த தேவகிக்குத் தன் பால். கொஞ்சம் சதைப்பற்றோடு பிறந்த கோமளாவுக்கு டின்பால். நோஞ்சானுக்குத்தானே தாய்ப்பால் வேண்டும்? நியாயமான முடிவுதான். ஆனாலும் கோமளாவின் வாயில் ரப்பர் சூப்பியை வைக்கும்போதெல்லாம், ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைத்த தாய் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்காட்டுக்குப் போகத் தொடங்கினாள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் தொங்கின. பால்மரத்துப் பட்டையைக் கீறி வெட்டும் தாய்மார்கள் விடியுமுன் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகளை அங்கே விடுவார்கள். மரம் வெட்டி முடித்து, பால் வடிகிற நேரத்தில் ஓடிவந்து மார் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் தாயம்மா. பதினேழு தொட்டில், இரண்டு கை. ஊரே அவளை ஆயா என்றுதான் கூப்பிடும்.

பெண்கள் வளர்ந்தார்கள். முகம் அச்சாக ஒன்று, உடம்புதான் வேறு. கோமளா பொங்கிய பூரி மாதிரி இருந்தாள். தேவகி முற்றாத வெண்டைக்காய். செல்லம் சும்மா இருப்பாளா? பள்ளிச் சீருடையைக்கூட இருவருக்கும் ஒரே அளவில் தைத்தாள். அதனால் ஒருத்திக்கு அக்குளில் பிடித்தது, இன்னொருத்திக்குத் தொளதொளத்தது. கோமளா படிப்பில் சுட்டி. மூன்றாம் வகுப்பிலேயே மலாய்ப் புத்தகத்தைத் தண்ணீர் மாதிரி வாசிப்பாள். தேவகி கணக்கில் மந்தம், வாய்ப்பாட்டில் ஏழு வந்தால் விழி பிதுங்கும். ஆனாலும் காலையில் முதலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவள் அவள்தான். அதைச் செல்லம் தினமும் பார்த்தாள். பார்த்தாளே தவிர மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெண்களுக்குப் பத்து வயது முடிந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோமளாவின் பாவாடையில் செல்லம் ரத்தத்தைப் பார்த்தாள்.

அடிபட்டிருக்கும் என்று முதலில் நினைத்தாள். அட்டை கடித்திருக்கும் என்று அடுத்து நினைத்தாள். மூன்றாவதாக நினைக்க வேண்டியதை நினைக்கப் பயந்து, பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு குளிக்கிற அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளே வயதுக்கு வந்தது பதினான்கில். அவள் அம்மா பதினைந்தில் என்று கேள்வி. இதென்ன, பால்பல் எல்லாம் விழுந்து முடியாத பிள்ளைக்கு? பக்கத்திலேயே தேவகி இருக்கிறாள். அதே வயிறு, அதே சோறு, அதே பாய். அவள் மார்பு பலகை மாதிரி இருக்கிறது. செல்லத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புரிந்தது ஒன்றே ஒன்றுதான். நல்லசாமிக்குத் தெரிந்தால் கோமளாவின் படிப்பு அன்றோடு சரி.

நல்லசாமி கெட்ட புருஷன் இல்லை. ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை, குடி அளவோடு, பிள்ளைகள் மேல் உயிர். ஆனால் ஒரு பிடிவாதம். பள்ளிக்கூடம் பக்கத்து டிவிஷனில் இருந்தது. இரண்டு மைல், முழுக்க ரப்பர் காடு. “வயசுக்கு வந்த பொண்ணு அந்த வழியில நடக்கக்கூடாது. அவ்வளவுதான்” என்பான். அவன் தங்கை பன்னிரண்டு வயதில் நின்றாள். எதிர்வீட்டுப் பெண் நின்றாள். அந்த லயத்தில் நிற்காதவள் யார்? கோமளாவுக்கோ அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு அரசாங்கச் சோதனை. தோட்டத்தில் ஒரு பிள்ளை தேறும் என்றால் அது இவள்தான் என்று பெரிய வாத்தியாரே சொல்லியிருந்தார்.

செல்லம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தாள்.

“இது ஒடம்புச் சூடுடி. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. அப்பாகிட்ட, தேவகிகிட்டகூட சொல்லாத.”

“சூடுன்னா எப்பம்மா போகும்?”

“எளநி குடிச்சா போகும்.”

பாவம், அந்தப் பிள்ளை மாதாமாதம் இளநீர் குடித்தது. சூடு போனபாடில்லை.

சாதாரணமாக யாரிடமும் கேட்காத செல்லம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். அங்கே டிரஸ்ஸர் அர்ச்சுனன். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, மீதி நேரம் இங்கிலீஷ் புத்தகம். தலைவலி என்று சொல்லி மாத்திரையை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை.

“அய்யா, ஒரு சந்தேகம். டின்பால் குடிச்சு வளந்த புள்ள சீக்கிரமா வயசுக்கு வந்துருமா?”

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “யாரு கேக்கச் சொன்னா?”

“பாரோய்ல எங்க சொந்தக்காரி ஒருத்திங்கய்யா.”

“நான் ஒரு புக்ல படிச்சேன். போத்தல் பால் குடிக்கிற புள்ளைங்க சீக்கிரமா சதை போடுதாம். சதை போட்ட புள்ளைங்க சீக்கிரமா பெரிய மனுசி ஆகுதுன்னு சில டாக்டருங்க நெனைக்கிறாங்க. வேற சில பேரு அதெல்லாம் இல்ல, சாப்பாடுதான், குடும்ப வாகுதான்னு சொல்றாங்க. யாருக்கும் உறுதியாத் தெரியல.”

“அப்ப அதனாலதானாய்யா? இல்லையாய்யா?”

“இருக்கலாம்.”

ஆம் என்றால் அழுதுவிட்டுப் போயிருப்பாள், இல்லை என்றால் நிம்மதியாகப் போயிருப்பாள். ‘இருக்கலாம்’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வது? படித்தவர்கள் கொடுக்கிற மருந்திலேயே கசப்பானது அதுதான். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது அது ‘இருக்கலாம்’ ஆக இருந்தது. லயத்துக்கு வந்து சேர்வதற்குள் ‘அதனால்தான்’ ஆகிவிட்டது. ‘நான்தான் செஞ்சேன். ஒருத்திக்கு என் பாலைக் கொடுத்தேன், இன்னொருத்திக்கு டின்னைக் கொடுத்தேன். டின்னைக் குடிச்சவ பத்து வயசுல வந்து நிக்கிறா. இப்ப அவ படிப்பும் போச்சுன்னா அதுவும் நான் பண்ணின பாவம்தான்.’ இப்படியே எட்டு மாதம் அவள் மனம் உழன்றது.

எண்பத்தாறாம் ஆண்டு ஏப்ரல். பள்ளி விட்டு வந்த கோமளாவின் நீலச் சீருடையில் கறை. செல்லம் அதை வாளியில் முக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஒரு நிமிடம்தான். திரும்பி வந்தால் பொதுக் குழாயடியில் பக்கத்து வீட்டு மங்கம்மா குனிந்து அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மங்கம்மாவின் கண்ணுக்கு ஒன்று பட்டால் தமுக்கு அடிக்கத் தேவையில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“ஏண்டி செல்லம், தண்ணி செவந்து கெடக்கு? எந்தப் புள்ளயோடது?”

ஒரே அளவு, ஒரே துணி, ஒரே தையல். எந்தப் பிள்ளையுடையது என்று செல்லம் ஒருத்தியைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. அவள் வாய் திறந்தது. மனம் யோசித்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். யோசனையெல்லாம் ஏற்கெனவே எட்டு மாதமாக நடந்து முடிந்திருந்தது. தேவகி என் பாலைக் குடித்தவள், அவள் பங்கு அவளுக்குக் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடமாவது கோமளாவுக்குக் கிடைக்கட்டும்.

“தேவகியோடதுக்கா” என்றாள்.

மங்கம்மா குலவை இட்டாள். ஐந்து நிமிடத்தில் லயம் முழுக்கத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் ஸ்டோரிலிருந்து நல்லசாமி சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வந்து சேர்ந்தான். செல்லத்தின் அண்ணன் வீரமுத்துவுக்கு ஆள் போனது. தாய்மாமன் ஆயிற்றே, அவன் வந்துதானே பச்சை ஓலைக் குடிசை கட்ட வேண்டும்? எல்லாம் தன்பாட்டில் ஓடியது. செல்லம் நடுவில் நின்று, தான் என்ன சொன்னோம் என்பதைத் தானே நம்ப முடியாமல் விழித்தாள்.

தேவகியைச் சமையல் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எனக்கு ஒண்ணும் வரலியேம்மா?”

“வந்த மாதிரி இருடி. பதினாறே நாள். பொறவு நான் அப்பாகிட்டப் பேசி உன்னயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவேன். அம்மா சொல்றேன்ல?”

“பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தாதா?”

“குத்துனா என்னயத்தான் குத்தும். நீ பேசாம இரு.”

தேவகி பேசாமல் இருந்தாள். சொல்லப்போனால் முதல் ஒரு வாரம் அவளுக்குக் கொண்டாட்டம். ஓலைக் குடிசை, தனித் தட்டு, தனிப் பாய், பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி. துணி மாற்றுவது தாயின் வேலை என்று சொல்லிச் செல்லம் யாரையும் கிட்டே விடவில்லை. உண்மையில் அந்தச் சத்தெல்லாம் தேவைப்பட்ட உடம்பு கோமளாவுடையது. அதனால் முட்டையில் ஒன்றைத் திருடி அவளுக்கும் ஊட்டினாள். கோமளா மக்குப் பிள்ளை இல்லை.

“அம்மா, எனக்கு வந்தது சூடு இல்லதானே? அவளுக்கு நடக்கிறதெல்லாம் எனக்குத்தானே நடக்கணும்?”

“வாய மூடு. உனக்குச் சோதனை இருக்கு.”

“அப்ப எளநி எதுக்குக் குடிச்சேன்?”

செல்லம் முட்டை ஓட்டை அடுப்புக்குள் தள்ளினாள்.

ஒன்பதாம் நாள் மஞ்சத்தண்ணி ஊற்றியபோது பெண்கள் எல்லாரும் வந்தார்கள். சேலை சுற்றிய தேவகியைப் பார்த்து எல்லாருக்கும் குழப்பம். சேலை தங்க இடுப்பு வேண்டுமே! மங்கம்மா முகவாயில் கை வைத்தாள். “மொட்டுகூட விடல, அதுக்குள்ள பூத்துட்டாளே! கூடப் பொறந்தவ குண்டுகுண்டா இருக்கா, அவ இன்னும் சின்னப் புள்ள. இதென்னடி அதிசயம் லா!” செல்லம் பந்தி பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

குழப்பம் அவள் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அர்ச்சுனன் டிரஸ்ஸரும் மொய்க் கவரோடு வந்தார். அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ அன்னிக்குக் கேட்டது இவளுக்காகத்தானா? கைக்குழந்தையில நான்தானே ரெண்டையும் எடை போட்டேன். தாய்ப்பால் குடிச்சது இந்தச் சின்னதுதான்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா இவதானே முந்திக்கிட்டா? அப்ப நான் படிச்சது தலைகீழால்ல இருக்கு?”

“எனக்கென்னங்கய்யா தெரியும்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். நாலு பேர் கேட்கும்படி வேறு பேசிக்கொண்டே போனார். அதன் பலன் அடுத்த வாரம் தெரிந்தது. மங்கம்மாவின் மருமகள் மாரியம்மா, ஐந்து மாதப் பெண்குழந்தைக்குத் திடீரென்று பாலை நிறுத்திவிட்டு டின்பால் கலக்கினாள். கேட்டால், “தாய்ப்பால் குடிச்சா பத்து வயசுலயே ஒக்காந்துருமாமே அத்தாச்சி? தேவகியப் பாத்தமே” என்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான். செல்லம் அந்தப் போத்தலை எட்டத் தள்ளி வைத்தாள். ஒரு பொய் ஒரு வீட்டுக் குழந்தையின் பாலைப் பிடுங்கிவிட்டது.

“அதெல்லாம் இல்ல, நீ குடு. நான் சொல்றேன், குடு” என்று கெஞ்சினாள்.

“எப்படி அத்தாச்சி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

எப்படிச் சொல்வாள்? உண்மையைச் சொன்னால் கோமளா வீட்டில் உட்கார வேண்டும். “என் பேச்சக் கேக்கலன்னா இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சண்டை போட்டு, அந்தக் குழந்தையை அவள் மடியில் கிடத்திப் பால் குடிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். மாரியம்மா இவளுக்குப் பைத்தியம் என்று நினைத்தாள்.

பதினேழாம் நாள் தேவகி சீருடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நல்லசாமி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, “போதும்டா கண்ணு. இனிமே வீட்டுல அம்மாவுக்கு ஒத்தாசையா இரு” என்றான். செல்லம் அன்று பேசினாள், அடுத்த வாரம் பேசினாள், சோறு போடாமல் பேசினாள். “படிக்கிற புள்ளன்னாலும் பரவாயில்ல. இவ படிச்சுக் கிழிச்சது போதும்” என்று முடித்துவிட்டான். ‘வயசுக்கு வந்தது இவ இல்லைங்க’ என்று சொல்லச் செல்லத்தின் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பக்கம் கோமளா புத்தகப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். செல்லம் விழுங்கிவிட்டாள். தேவகி சீருடையைக் கழற்றி மடித்து வைத்தாள். அழவில்லை. அது அழுதிருந்தால் தனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று செல்லம் பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள்.

அந்த ஆண்டுக் கடைசியில் கோமளாவின் சோதனை முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் முதல் தரம். பெரிய வாத்தியார் மிட்டாய் கொடுத்தார். செல்லம் அதில் ஒரு பங்கை ஆயா தாயம்மாவுக்குக் கொண்டுபோனாள். தாயம்மா வேலையிலிருந்து நின்று, லயத்துக் கோடி வீட்டில் இருந்தாள். செல்லத்துக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது.

“பாருங்க ஆயா, டின்பால் குடிச்ச புள்ள எங்க வந்து நிக்குதுன்னு. என் பாலு முழுக்கத் தேவகிதான் குடிச்சா. இவளுக்குப் படிப்பாவது வந்துச்சே.”

தாயம்மா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். “முழுக்கத் தேவகியா? யாருடி சொன்னா?”

“என்ன ஆயா சொல்றீங்க? நான்தானே சின்னவளுக்குத்தான் மாரு, பெரியவளுக்கு டின்னுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போவேன்?”

“சொன்ன, சொன்ன. பதினேழு புள்ளைங்கடி எனக்கு. நீ ஓடிவரும்போது எது தொண்டை கிழியக் கத்துதோ அதத் தூக்கி உன் மடியில போடுவேன். மத்தது வாயில போத்தல வெப்பேன். நீ என்னிக்கு முகத்தப் பாத்த? உக்காந்த ஒடனே கண்ண மூடிட்டுத் தூங்கிருவ. நாலு மணிக்கு எழுந்திரிச்சவதானே.”

“எது ஆயா கத்தும்?”

“பெரியவதான். தேவகிக்குக் கத்தத் தெம்பு ஏது? பேசாமக் கெடக்கும்.”

செல்லம் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உட்கார்ந்து நினைத்துப் பார்த்தாள். வீட்டில் இருக்கும்போது தேவகிக்கு மார், கோமளாவுக்கு டின். வேலைக்காட்டு நேரத்தில் கோமளாவுக்கு மார், தேவகிக்கு டின். அப்படியென்றால் இரண்டு பிள்ளைகளும் இரண்டையும் குடித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதிப்பாதி. அவள் தன் வாழ்க்கையில் சரிபாதி போட முடியாமல் போனதாக நினைத்து அழுத ஒரே பொருள், அவளுக்குத் தெரியாமலேயே சரிபாதி ஆகியிருந்தது. அப்படியானால் கோமளா ஏன் பத்து வயதில் வந்தாள்? பகல் பால் ஒரு மாதிரி, மற்ற நேரத்துப் பால் ஒரு மாதிரியா? டின்பாலில் ஒன்றும் இல்லையா? இல்லை, தாயம்மாவுக்குத்தான் வயதாகிப் புத்தி குழம்பிவிட்டதா? டிரஸ்ஸரிடம் போய்க் கேட்கலாம். ஆனால் அவரிடம் சொல்லியிருப்பதே தலைகீழ்ப் பொய். அதை வைத்து அவர் என்ன பதில் சொல்ல முடியும்?

எதைத் தொட்டாலும் நூல் சிக்கியது. ஒன்று மட்டும் சிக்கில்லாமல் தெரிந்தது. தேவகியிடமிருந்து எதையாவது எடுத்துக் கோமளாவுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய அவசியம் ஒருநாளும் இருந்ததில்லை. இது தெரிந்த பிறகு செல்லத்தால் இரண்டு நாள் தேவகியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காலம் மாறும் என்பார்கள். மாறத்தான் செய்தது. எண்பத்தெட்டில் கோமளா இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போர்டிக்சன் போனாள். தோட்டத்து வாசலிலேயே பள்ளி பஸ் வந்து நின்றது. அந்த ஆண்டு செல்லம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, கோமளாவும் வயதுக்கு வந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னாள். நல்லசாமி என்ன சொன்னான் தெரியுமா? “பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுல வர்றா. படிக்கட்டும். சுங்கை காடுட் பேக்டரில எல்லாம் இப்ப பாரம் அஞ்சு படிப்பு முடிச்ச பொண்ணத்தான் கேக்குறான்.” அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் மாறிய காலம், தேவகிக்கு மட்டும் இரண்டு வருஷம் பிந்தி மாறியது.

“அப்ப தேவகியையும் அனுப்பலாமாங்க?”

“பதிமூணு வயசுப் பொண்ண அஞ்சாம் வகுப்புல கொண்டுபோய் ஒக்கார வெப்பியா? சிரிக்க மாட்டாங்க?”

தேவகி அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அவள் பிறகு அம்மாவோடு வேலைக்காட்டுக்கு வந்தாள். மரத்தில் ஒட்டிய பாலைப் பிய்த்தெடுப்பாள், பால் வடியும் மங்குக் கோப்பைகளைத் துடைப்பாள், வாளி தூக்குவாள். வேலையில் படு சுத்தம். வேலையை மேற்பார்க்கிற மண்டோரே, “அம்மாவ விட மக தேவல” என்பார். செல்லம் அதைக் கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு கஷ்டமானது என்று அவளுக்குத்தான் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு நவம்பரில் ஒருநாள், மழை விட்ட காலை. மரம் எல்லாம் நனைந்து கிடந்ததால் வெட்டு இல்லை. ஒட்டுப்பால் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவகி இரண்டு மரத்துக்கு அப்பால் நின்றாள். பதினைந்து வயது. வெகுநேரமாக ஒரே மரத்தடியில் நின்றதைப் பார்த்துச் செல்லம் குரல் கொடுத்தாள்.

“என்னடி, கால் வலிக்குதா?”

“இல்லம்மா. எனக்கு வந்துருச்சு.”

“என்ன வந்துருச்சு?”

“அதான். அன்னிக்கு நீ வந்த மாதிரி இருன்னு சொன்னியே, அது.”

செல்லம் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் போனாள். கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. குலவை இட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஊர் கணக்கில் இந்தப் பெண் பெரிய மனுஷியாகி நாலரை வருஷம் ஆகிறது. இன்று யாரைக் கூப்பிட்டு எந்த வாயால் சொல்வது? தேவகியே அம்மாவின் தோளைத் தட்டினாள்.

“விடும்மா. எனக்குத்தான் சடங்கெல்லாம் ஆயிருச்சே” என்று சிரித்தாள். மறுபடி மரத்தில் ஒட்டுப்பாலைப் பிய்த்துக்கொண்டே, “அப்பன்னா, நேத்து வரைக்கும் நான் பள்ளிக்கூடம் போயிருக்கலாம்லம்மா?” என்றாள்.

“போயிருக்கலாம்டி.”

“கோமளா மாதிரி பஸ்ஸுலயும் போயிருக்கலாம்.”

“போயிருக்கலாம்.”

“பைப்படியில ஏம்மா என் பேரச் சொன்ன?”

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. நாலரை வருஷமாக உள்ளுக்குள் வைத்திருந்து இன்றுதான் கேட்கிறாள் என்பது மட்டும் செல்லத்துக்குப் புரிந்தது. அவள் பதிலைத் தேடினாள். நீ என் பாலைக் குடித்தவள் என்று சொல்லலாம், அது உண்மையில்லை. அவளுக்குச் சோதனை இருந்தது என்று சொல்லலாம். இவளுக்கும்தான் அதே சோதனை இருந்தது. நீ கணக்கில் மந்தம் என்று சொல்லலாம். பெற்ற பிள்ளையிடம் அதைச் சொல்ல அவளால் ஆகாது. நீ கத்தமாட்டாய் என்று தெரிந்துதான் உன் பெயரைச் சொன்னேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்ததும் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“தெரியலடி தேவகி” என்றாள். “சத்தியமா எனக்குத் தெரியல.”

தேவகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மண்டோர் வருகிற சத்தம் கேட்டும் இருவரும் எழுந்திருக்கவில்லை.